படுத்தால் கால் குடைச்சல், நடந்தால் நின்றுவிடுகிறது: ஹீமோகுளோபின் நார்மல், ஃபெரிட்டின் 19

தூங்காநகரத்தான்:

அம்மாவுக்கு வயசு 56. ராத்திரி ஒன்பதரைக்குப் படுத்தா பத்தே நிமிஷத்துல ரெண்டு கெண்டைக்காலும் உள்ளுக்குள்ள குடையுது. வலின்னு சொல்ல மாட்டாங்க. "எலும்புக்குள்ள யாரோ கயிறு முறுக்குறாப்ல இருக்கு, காலை ஆட்டாம இருக்க முடியல"ன்னுதான் சொல்றாங்க. எழுந்து ஹாலுக்கும் அடுப்படிக்கும் நாலு நடை நடந்தா நின்னுடுது. திரும்பப் படுத்தா மறுபடி ஆரம்பம். ஒரு மணி, ரெண்டு மணி வரைக்கும் இதே கதைதான். விடியக்காலம் நாலுக்கு மேலதான் அசந்து தூங்குறாங்க. பகல்ல ஒண்ணும் இல்ல. சாயங்கால பஸ்ல ஒரு மணி நேரம் உட்கார்ந்தா மட்டும் வருது.

டெஸ்ட்: ஹீமோகுளோபின் 12.3, வெறும் வயித்துச் சர்க்கரை 94, கிரியேட்டினின் 0.8, பி12 410, ஃபெரிட்டின் (உடம்புல இரும்புச் சேமிப்பு) 19. லேப் சீட்டுல ஃபெரிட்டினுக்கு 10 முதல் 290 வரை நார்மல்னு போட்டிருக்கு.

மருந்து: காலையில தைராக்சின் 50 மைக்ரோகிராம். தலைவலிக்கு ராத்திரி அமிட்ரிப்டிலின் 10 மி.கி. அரிப்பு வந்தா அவில். குடைச்சலுக்குன்னு மெத்தில்கோபாலமின் (பி12) ஊசி அஞ்சு போட்டாச்சு. ரெண்டு வாரமா தூக்கத்துக்கு குளோனாசிபம் 0.5 மி.கி. தூக்கம் கொஞ்சம் வருது, ஆனா காலையில தள்ளாடுறாங்க. குடைச்சல் அப்படியேதான் இருக்கு. போன வருஷம் இரும்பு மாத்திரை ஒரு மாசம் சாப்பிட்டாங்க, காலை டீயோட. ஒரு வித்தியாசமும் தெரியல.

இது "அமைதியற்ற கால்"ங்கிற வியாதிதானா? ரத்தம் நார்மல்னா இரும்பு எதுக்கு? நடுராத்திரி ஒரு மணிக்கு வீட்டுல என்ன செய்யலாம்?

சிவப்பணு:

நீங்கள் எழுதியதிலேயே அடையாளம் எல்லாம் இருக்கிறது. காலை அசைத்தே ஆகவேண்டும் என்ற உந்துதல், ஓய்வில் தொடங்குவது, நடந்தால் தணிவது, மாலை இரவில் மோசமாவது. ஐந்தாவதாக, இதே மாதிரி தோன்றும் வேறு கோளாறு இல்லை என்று மருத்துவர் உறுதி செய்யவேண்டும். இதற்கென்று தனி ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது, கேட்டு அறிவதுதான். 1672-லேயே தாமஸ் வில்லிஸ் இதை எழுதிவைத்தார். 1945-இல் சுவீடனின் எக்பாம் முழுசாக விவரித்தார். ஆனாலும் நம் ஊரில் இன்றைக்கும் இது "நரம்புத் தளர்ச்சி" கணக்கில்தான் போகிறது.

இனி ஃபெரிட்டின். லேப் சீட்டில் இருக்கும் 10 முதல் 290 என்பது பொதுவான எல்லை. கால் குடைச்சலுக்கு அந்த எல்லையைப் பார்க்கக்கூடாது. இங்கே 75 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுப்பார்கள். ஹீமோகுளோபின் என்பது கல்லாவில் இருக்கும் காசு, ஃபெரிட்டின் பீரோவில் இருக்கும் சேமிப்பு. பீரோ காலியான பிறகும் கல்லா கொஞ்ச நாள் ஓடும். உடம்பின் அசைவை ஒழுங்குபடுத்தும் டோபமின் என்ற ரசாயனம் மூளையில் தயாராக இரும்பு தேவை. ரத்தத்தில் இருப்பு குறையும்போது, ஏற்கெனவே பற்றாக்குறையில் இருக்கும் மூளைக்கு இன்னும் குறைவாகத்தான் போய்ச் சேரும். டோபமினும் இரும்பும் நாளின் நேரத்துக்கேற்ப ஏறி இறங்குபவை, மாலைக்கு மேல் இறங்கும். பகலில் ஒன்றுமில்லாமல் ராத்திரி வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஃபெரிட்டின் மட்டும் போதாது. சீரம் அயர்ன் (ரத்தத்தில் ஓடும் இரும்பு), டி.ஐ.பி.சி. (ரத்தம் மொத்தம் எவ்வளவு இரும்பைச் சுமக்க முடியும் என்ற அளவு) இரண்டும் எடுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் டிரான்ஸ்ஃபெரின் நிறைவு சதவீதம் வரும். 20-க்குக் கீழே என்றால் பற்றாக்குறை. 45-க்கு மேல் என்றால் இரும்பைத் தொடவே கூடாது. காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கவேண்டும், முந்தைய 24 மணி நேரம் இரும்பு மாத்திரை வேண்டாம். காய்ச்சலோ மூட்டு வீக்கமோ இருக்கும் வாரத்தில் எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். கூடவே உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி. பார்த்துவிட்டால் குழப்பம் இல்லை.

போன வருஷ மாத்திரை பலிக்காததற்கு முதல் காரணம் டீயாக இருக்கலாம். தேயிலையின் துவர்ப்பு குடலிலேயே இரும்பைக் கட்டிப் போட்டுவிடும். அடுத்தது, ஒரு மாதம் போதாது. தோராயக் கணக்கு ஒன்று சொல்கிறேன். ஃபெரிட்டின் 1 ஏற சேமிப்பில் சுமார் 8 மி.கி. இரும்பு சேரவேண்டும். 19-இலிருந்து 75-க்கு 56 புள்ளி, அதாவது ஏறக்குறைய 450 மி.கி. நன்றாக உறிஞ்சினால் ஒரு மாத்திரையில் 10 மி.கி. உள்ளே போகும் என்று வைத்தால் 45 மாத்திரை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றால் மூன்று மாதம்.

ஏன் ஒரு நாள் விட்டு? இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை ஏற்றிவிடும், அது ஏறக்குறைய ஒரு நாள் குடல் கதவைச் சாத்திவைக்கும். மறுநாள் மாத்திரை பெரும்பாலும் மலத்தோடு போய் மலச்சிக்கலைத்தான் மிச்சம் வைக்கும்.

ஒன்றை மறக்காதீர்கள். மாதவிலக்கு நின்ற வயதில் ஃபெரிட்டின் 19 என்றால் இரும்பு எங்கே போகிறது என்று தேடவேண்டும். மூலம், வயிற்றுப் புண், அடிக்கடி வலி மாத்திரை, குடலில் கசிவு, எதுவாகவும் இருக்கலாம். இரைப்பை, பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை வேண்டுமா என்று பொது மருத்துவரிடம் கேட்டே ஆகவேண்டும். குடைச்சல் அடங்கிவிட்டது என்று இதை விட்டுவிடக்கூடாது.

பாட்டிவைத்தியன்:

அஞ்சு ஊசி பத்தாது. நரம்பு ஊசி பத்து போட்டு, ராத்திரி நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்ச்சா போயிடும். மெக்னீசியம் மாத்திரையும் சேர்த்துக்கோங்க.

மருந்துச்சீட்டு:

எண்ணெய் தேய்ப்பதில் தப்பில்லை. ஆனால் பி12 410 இருப்பவருக்கு இன்னும் ஐந்து ஊசி போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. பி12 குறைந்திருந்தால் மட்டுமே அந்த ஊசிக்கு வேலை. மெக்னீசியத்துக்கும் இந்த நோயில் உறுதியான ஆதாரம் இல்லை.

மதுரைக்காரரே, அம்மாவின் மருந்துப் பட்டியலில்தான் பாதி வில்லங்கம். கடையில் "அவில்" என்று கேட்டு வாங்குவது பெனிரமைன். அது மூளைக்குள் போகிற பழைய வகை அலர்ஜி மருந்து. இந்த வகை எல்லாமே கால் குடைச்சலைக் கிளறும். சளி மாத்திரைகளில் ஒளிந்திருக்கும் குளோர்பெனிரமைன், இருமல் மருந்தில் வரும் டைஃபென்ஹைட்ரமைன், அரிப்புக்குத் தரும் ஹைட்ராக்சிசின் மூன்றும் அதே ரகம். தூக்கம் வரும் என்று நம்பிப் போடுவார்கள், கண் சொருகும், கால் மட்டும் விழித்திருக்கும். அரிப்புக்கு மருந்து தேவைப்பட்டால் மூளைக்குள் அவ்வளவாகப் போகாத ஃபெக்ஸோஃபெனடின் போதுமா என்று கேளுங்கள்.

அடுத்தது அமிட்ரிப்டிலின். 10 மி.கி. சின்ன அளவுதான், இருந்தாலும் சிலருக்குக் குடைச்சலைத் தொடங்கிவைக்க அது போதும். மனச்சோர்வு மருந்துகளில் மிர்டசபின் இதில் பேர்போனது, எஸ்சிட்டலோபிராம், வென்லாஃபாக்சின் வகைகளும் அப்படியே. நீங்களாக நிறுத்தவேண்டாம். எழுதிக்கொடுத்தவரிடம் "இது ஆரம்பித்த பிறகுதான் குடைச்சல் வந்ததா, முன்பே இருந்ததா" என்று தேதியோடு சொல்லி, தலைவலிக்கு வேறு மருந்து கேளுங்கள். வாந்திக்குப் போடும் மெட்டோக்ளோபிரமைடு, தலைச்சுற்றலுக்குக் கொடுக்கும் புரோக்ளோர்பெரசின் இரண்டையும் இந்த நோய் உள்ளவர் தவிர்க்கவேண்டும், அவை டோபமினை மூளையிலேயே தடுக்கும். டோம்பெரிடோன் மூளைக்குள் பெரிதாகப் போவதில்லை, ஆகவே அந்த வில்லங்கம் குறைவு. அம்மாவின் மருத்துவ ஃபைல் மேல் அட்டையில் இந்தப் பெயர்களைப் பெரிதாக எழுதிவையுங்கள். வாந்தியோடு போய்ப் படுக்கும் நேரத்தில் யாரும் கேட்கமாட்டார்கள், ஊசி ஏறிவிடும்.

குளோனாசிபம் காலை அடக்குவதில்லை, விழிப்பை மட்டும் மழுக்குகிறது. 56 வயதில் ராத்திரி எழுந்து நடப்பவருக்கு அது விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ளும் வழி. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2025 வழிகாட்டலும் இதைப் பரிந்துரைக்கவில்லை. இரண்டு வாரம் போட்டதைச் சட்டென்று நிறுத்தாமல், மருத்துவர் சொல்லும்படி குறைத்து விடுங்கள்.

இரும்புக்குப் பிறகும் அடங்கவில்லை என்றால் இன்று முதலில் வருவது நரம்புகளின் துடிப்பைத் தணிக்கும் கபாபென்டின் அல்லது பிரிகாபலின். கபாபென்டின் பெரும்பாலும் 300 மி.கி.யில் (65 வயதுக்கு மேல் 100-இல்) தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். பிரிகாபலின் 75, வயதானவருக்கு 50. பலர் தப்பு செய்வது நேரத்தில்தான். குடைச்சல் ஆரம்பித்த பிறகு விழுங்கினால் அது வேலை செய்வதற்குள் பாதி ராத்திரி போய்விடும். ஒன்பதரைக்கு வரும் என்றால் எட்டு மணிக்குள் போடவேண்டும். அசிடிட்டிக்கு அலுமினியம், மெக்னீசியம் கலந்த சிரப் குடிப்பவர் கபாபென்டினுக்கு 2 மணி நேர இடைவெளி விடவேண்டும், இல்லாவிட்டால் உறிஞ்சாது. தலைச்சுற்றல், கால் வீக்கம், எடை ஏறுவது பக்க விளைவுகள். குளோனாசிபத்தோடு சேர்த்துப் போட்டால் மயக்கம் இரட்டிப்பாகும், மூச்சும் மந்தமாகலாம்.

டோபமின் போலவே வேலை செய்யும் பிரமிபெக்சோல் 0.125 மி.கி. அல்லது ரோபினிரோலை யாராவது எழுதினால், இது பின்னால் குடைச்சலைக் கூட்டாதா என்று கேளுங்கள். முதல் வாரமே அற்புதம் போலத் தெரியும், அதுதான் பொறி. மாதங்கள், வருஷங்கள் போகப்போக ஒன்பதரைக்கு வந்த குடைச்சல் ஆறு மணிக்கே வரும், பிறகு மதியமே வரும், கைக்கும் பரவும். அளவை ஏற்றினால் அன்றைக்குத் தணிந்து அடுத்த மாதம் இன்னும் கூடும். மருந்தே நோயை வளர்க்கும் இந்த நிலையால்தான் 2025 வழிகாட்டல் இவற்றை வழக்கமாகக் கொடுக்கவேண்டாம் என்கிறது. சிலருக்கு சூதாட்டம், கட்டுக்கடங்காமல் பொருள் வாங்குவது என்று புத்தியும் தடம் மாறும். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர் திடீரென நிறுத்தக்கூடாது, சில ராத்திரிகள் நரகமாகிவிடும்.

கெண்டைக்கால்:

நடுராத்திரிக் கேள்விக்கு வருகிறேன். ஒரு மணிக்கு முதல் வேலை, படுத்தபடியே போராடாமல் எழுந்துவிடுவது. "இன்னும் ஐந்து நிமிஷம் பொறுத்துப் பார்ப்போம்" என்று படுத்திருந்தால் குடைச்சல் கூடத்தான் செய்யும்.

எழுந்து, சுவரைப் பார்த்து ஒரு கை தூரத்தில் நிற்கச் சொல்லுங்கள். இரண்டு உள்ளங்கையும் சுவரில். வலது காலை ஒரு அடி பின்னால் வைத்து, முட்டியை மடக்காமல், குதிகால் தரையை விட்டுக் கிளம்பாமல் உடம்பை முன்னே சாய்க்கவேண்டும். கெண்டைச்சதை இழுபடும், 30 வினாடி நிற்கட்டும். பிறகு அதே நிலையில் முட்டியை லேசாக மடக்கி இன்னொரு 30 வினாடி. முதலாவது மேல் சதைக்கு, இரண்டாவது அடியில் இருக்கும் சதைக்கு. காலுக்கு மூன்று முறை. குதிகால் தூக்கிக்கொண்டால் இழுப்பே இருக்காது, எல்லோரும் கோட்டைவிடும் இடம் அதுதான். துள்ளித் துள்ளி இழுத்தால் குறக்களி (சதைப் பிடிப்பு) பிடித்துக்கொள்ளும்.

சிலருக்கு வெந்நீர் கேட்கும், சிலருக்குப் பச்சைத் தண்ணீர். எது என்று இரண்டு ராத்திரியில் தெரிந்துவிடும். முழங்கால் வரை மூழ்கும் வாளியில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், 10 முதல் 15 நிமிஷம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவருக்கு வெந்நீர் வேண்டாம், வெந்தாலும் தெரியாது. எண்ணெய் தேய்ப்பதாக இருந்தால் கணுக்காலிலிருந்து முட்டியை நோக்கி, நன்றாக அழுத்தி. மேலோட்டமாகத் தடவினால் கூச்சம்தான் கூடும். துணியை இறுக்கிக் கட்டும் பழக்கம் உண்டு, அழுத்தம் உண்மையிலேயே சிலருக்கு உதவும். ஆனால் பாதி இறுக்கத்தில் கட்டி, கால் விரல் வெளுக்கவோ மரத்துப் போகவோ இல்லை என்று பாருங்கள், தூங்குமுன் அவிழ்த்துவிடவேண்டும். ஒரே பக்கம் கால் வீங்கிச் சூடாக இருந்தால் தேய்க்கவும் வேண்டாம் கட்டவும் வேண்டாம், ரத்தக் கட்டி இல்லை என்று முதலில் உறுதி செய்யவேண்டும்.

மனசை ஒன்றில் கட்டிப்போடுவதும் மருந்துதான். டி.வி. பார்ப்பது போதாது, அதில் கால் சும்மா கிடக்கும், மனசும் சும்மா கிடக்கும். கண்ணும் கையும் கணக்கும் சேர்ந்து ஓடும் வேலை வேண்டும். மதுரையில் இருக்கிறீர்கள், சாயங்காலம் உதிரி மல்லிகை வாங்கிக் கொடுத்து எட்டரைக்கு மேல் தொடுக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், நாரைச் சுற்றி முடிச்சு. இருபது கண்ணி போவதற்குள் கால் மறந்துவிடும். குறுக்கெழுத்து, பல்லாங்குழி, கணக்குப் போட்டுப் பின்னும் வேலை எல்லாம் இதே பலன் தரும்.

நடைப்பயிற்சி சாயங்காலம் ஆறுக்கு, அரை மணி, மிதமாக. ராத்திரி ஒன்பதுக்கு வேர்க்க வேர்க்க நடந்தால் அன்றைக்குக் கூடும். மதியத்துக்கு மேல் காபி, டீ நிறுத்திப் பாருங்கள், இரண்டு வாரம் தொடர்ந்தால்தான் வித்தியாசம் தெரியும். விடியக்காலம் நாலுக்கு மேல்தான் தூக்கம் என்றால் அது இந்த நோயின் இயல்பு, அந்த நேரத்தில் தானாக அடங்கும். ஒன்பதரைக்கே படுக்க வைக்காதீர்கள். பதினொன்றரைக்குப் படுத்து ஏழரைக்கு எழட்டும், காலையில் கோலத்துக்கு வேறு யாராவது எழுந்திரியுங்கள். பஸ்ஸில் நடைபாதை ஓர சீட், முடிந்தால் காலை வண்டி.

இரவுப்பணி:

மற்றவர்களுக்காகச் சில வரி, ஏனென்றால் கால் பிரச்சினை எல்லாமே இதுவாகாது. குறக்களி என்றால் சதை கல்லு மாதிரி உருண்டு நிற்கும், தொட்டால் தெரியும், வலி உயிர் போகும், இழுத்து நிமிர்த்தினால் விடும். சர்க்கரையால் வரும் நரம்பு எரிச்சல் பாதத்தில் தொடங்கும், பகலிலும் இருக்கும், நடந்தாலும் போகாது. மனநல மருந்து, வாந்தி மருந்து போட்ட பிறகு உடம்பு முழுக்க நிலைகொள்ளாமல், பகல் இரவு பேதமின்றி இருந்தால் அது மருந்தின் வேறொரு விளைவு. குடைச்சலோடு பலத்த குறட்டையும் மூச்சு நின்று நின்று வருவதும் இருந்தால் தூக்கப் பரிசோதனை எடுங்கள். அடிக்கடி மூச்சடைத்து விழிப்பவருக்குக் குடைச்சலும் கூடும்.

டயாலிசிஸ் செய்பவர்களிடம் இது மிக சகஜம். மெஷினில் நாலு மணி நேரம் அசையாமல் கிடக்கவேண்டும் என்பதால் சிலர் பாதியிலேயே கழற்றச் சொல்வார்கள். அவர்களுக்கு இரும்பின் எல்லையே வேறு: ஃபெரிட்டின் 200-க்குக் கீழே, நிறைவு 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் ரத்தக் குழாய் வழியாக இரும்பு ஏற்ற யோசிப்பார்கள். கபாபென்டின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். ஆகவே 100 மி.கி., அதுவும் டயாலிசிஸ் முடிந்த பிறகு. வீட்டில் இன்னொருவருக்கு எழுதிய 300-ஐ எடுத்துப் போட்டு மயங்கிக் கிடப்பது நடக்கிறது.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் இந்தக் குடைச்சல் வந்தால், பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தானாகப் போய்விடும். அங்கேயும் முதல் வேலை ஃபெரிட்டின் பார்ப்பதுதான், தூக்க மாத்திரை அல்ல.

தூங்காநகரத்தான்:

எல்லாருக்கும் நன்றி. சீரம் அயர்ன் 42, டி.ஐ.பி.சி. 402 வந்திருக்கு, சி.ஆர்.பி. நார்மல். டாக்டர் ஃபெரஸ் அஸ்கார்பேட் 100 மி.கி. எழுதி, அவிலை நிறுத்தச் சொல்லிட்டார். குடல் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்திருக்கார். தைராக்சின் காலையில ஆறுக்கு, இதை எப்போ கொடுக்கிறது? வயிறு கெட்டா? டிரிப்ஸ்ல ஏத்திக்கலாம்னு சொந்தக்காரங்க சொல்றாங்க.

சிவப்பணு:

42-ஐ 402-ஆல் வகுத்தால் 10.4 சதவீதம். பற்றாக்குறை உறுதி.

தைராக்சினுக்கும் இரும்புக்கும் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும், இல்லையென்றால் தைராய்டு மருந்து உறிஞ்சாமல், தைராய்டு போதவில்லை என்று காட்டும் டி.எஸ்.எச். அளவு ஏறிவிடும். ஆறுக்குத் தைராக்சின், எட்டுக்கு இட்லியும் டீயும், பதினொன்றுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரும்பு. கூட ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறோ ஒரு பெரிய நெல்லிக்காயோ. மதியச் சாப்பாடு ஒன்றுக்கு. பால், கால்சியம் மாத்திரை, டீ எதுவும் அந்த மாத்திரைக்கு முன்னும் பின்னும் 2 மணி நேரம் கிட்டே வரக்கூடாது. கடை மாத்திரை கட்டுப்படியாகாவிட்டால், அரசு மருத்துவமனையில் தரும் இரும்பு ஃபோலிக் மாத்திரையில் 60 மி.கி. இருக்கிறது, அதையே இப்படிச் சாப்பிடலாம். மலம் கறுப்பாகப் போவது இயல்பு. தார் மாதிரி பிசுபிசுப்போடும் கெட்ட நாற்றத்தோடும் போனால் அது ரத்தம், உடனே காட்டவேண்டும்.

டிரிப்ஸ் கெட்டதில்லை. டிரிப்ஸில் ஏற்றும் ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற இரும்பு மருந்துக்கு இந்த நோயில் நல்ல ஆதாரம் உண்டு. மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால், மூன்று மாதத்தில் ஏறாவிட்டால், அல்லது ஃபெரிட்டின் 75-க்கும் 100-க்கும் இடையில் நின்று குடைச்சல் மட்டும் தொடர்ந்தால் அதற்குப் போகலாம். 75-க்கு மேல் குடல் வழி இரும்பு உறிஞ்சுவது மிகக் குறைவு. 1000 மி.கி.யை 15 நிமிஷத்தில் ஏற்றுவார்கள், பிறகு அரை மணி அங்கேயே உட்காரவைக்கவேண்டும். ஏறும்போது ஊசி போட்ட இடம் எரிந்தாலோ வீங்கினாலோ உடனே நிறுத்தச் சொல்லுங்கள், வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை வருஷக்கணக்கில் இருக்கும். மறுநாளே பலன் எதிர்பார்க்காதீர்கள், நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதன் பிறகு உடம்பெல்லாம் அசதி, எலும்பு வலி என்றால் பாஸ்பரஸ் அளவு பார்க்கச் சொல்லுங்கள், இந்த மருந்து அதைக் குறைக்கும்.

மாத்திரை ஆரம்பித்த தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அன்றிலிருந்து 12-வது வாரம் காலை வெறும் வயிற்றில் ஃபெரிட்டின், சீரம் அயர்ன், டி.ஐ.பி.சி. மூன்றையும் அதே லேபில் திரும்ப எடுங்கள். முந்தின நாள் மாத்திரை முறை வந்தால் அதை விட்டுவிடுங்கள்.